‘வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேளுங்கள்: சேலத்து மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்தில் இதய நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும், அரசுப் பணியிலும் தனியாகவும் மருத்துவம் செய்யும் சித்த மருத்துவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் இரு தரப்பையும் ஒரே மடலில் விளிக்கக் காரணம் இருக்கிறது. நீங்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நீங்கள் தரும் மருந்துகள் எங்கள் வீட்டில் ஒரே மஞ்சள் பைக்குள் கிடக்கின்றன. இதயம் பலவீனமான ஒருவர் இருக்கும் எந்த வீட்டிலும் அந்தப் பையைத் திறந்து பாருங்கள். ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள் ஒரு பக்கம்: காலையில் நீர் மாத்திரை, இரவில் நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை, நடுவில் இன்னும் இரண்டு மூன்று. அதற்கடியில், செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் எடை போட்டு வாங்கிய மருதம்பட்டைப் பொடி. அதன் மேல் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய லேகியம் ஒரு டப்பாவில் இருக்கும். எது எதனோடு சேரும், எது சேராது என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். உங்களிடம்தான் அந்தப் பை திறக்கப்படுவதே இல்லை.

ஏன் திறப்பதில்லை? “கஷாயம் குடிக்கிறோம்” என்றால் இதய மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம். “இங்கிலீஷ் மருந்தும் ஓடுகிறது” என்றால் சித்த மருத்துவர் மனம் சுணங்குவார் என்ற தயக்கம். நோயாளிகள் பொய் சொல்வதில்லை, கேட்காததைச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்க இதயச் சங்கம் 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய அளவு இரத்தத்தை உந்த முடியாத நிலை, உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி மாற்று மருந்துகளோ துணை மருந்துகளோ எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தது. மருத்துவர்கள் ஒவ்வொரு சந்திப்பிலும் இதைக் கேட்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை வலியுறுத்தியது. நிலவேம்புக் குடிநீரையும் கபசுரக் குடிநீரையும் அரசாங்கமே வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்த தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதை என் அம்மாவுக்கு நடந்ததை வைத்தே சொல்கிறேன். நாங்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம். அம்மாவுக்குப் பம்பிங் (இதயம் இரத்தத்தை உந்தும் திறன்) குறைவு என்று எக்கோ ஸ்கேனில் தெரிந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பார்த்தோம், மாத்திரைகள் எழுதினார்கள். அதில் ஒன்று, இரத்த அழுத்தத்தையும் இதயத்தின் சுமையையும் குறைக்கும் ராமிப்ரில். நல்ல மருந்து, பல இலட்சம் பேரின் ஆயுளை நீட்டிய மருந்து. ஆனால் சிலருக்கு அது வறட்டு இருமலைக் கொண்டுவரும். அம்மாவுக்கும் வந்தது. மருந்தால் வந்த இருமல் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, மலைக்குளிரால் வந்த சளி என்றே எல்லோரும் நினைத்தோம். பெரியம்மா அதிமதுரம், சித்தரத்தை, எஸ்டேட் மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்து, காலையும் மாலையும் பிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தார். தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது.

சில வாரங்களில் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது நிரம்ப வெகு நேரம் ஆனது. மறுபடி மலை இறங்கினோம். நீர் மாத்திரையைக் கூட்டினார்கள். வீக்கம் பெரிதாக வடியவில்லை. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, நெஞ்சு படபடத்தது, எழுந்து நடக்கவே தெம்பில்லை. அவசரப் பிரிவில் சேர்த்தபோது இரத்தத்தில் பொட்டாசியம் அபாயகரமாக இறங்கியிருந்தது. காரணம் புரியாமல் எல்லோரும் மாத்திரைச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்து, “வீட்டில் வேறு என்ன கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டவர் இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர்.

அதிமதுரத்தில் கிளிசரைசின் என்ற பொருள் இருக்கிறது. நிறைய நாள் உள்ளே போனால் அது உடலில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளமே கலைந்துபோகலாம். அந்த நோயாளி, இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் டிகாக்சின் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். கஷாயத்தை நிறுத்தினார்கள். ராமிப்ரிலுக்குப் பதில் இருமல் தராத வேறு வகை மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. பெரியம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன், இருமலுக்கு அதிமதுரம் என்பது இந்த மண்ணில் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். என் வருத்தமெல்லாம், அத்தனை முறை மலை இறங்கி ஏறியும் ஒருவர்கூட அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான்.

இதய மருத்துவர்களே, மூலிகை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. உங்கள் டிகாக்சின் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1775-ல் இங்கிலாந்தில், உடல் முழுதும் நீர்கோத்தவர்களுக்கு ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு கிழவி ரகசியமாகக் கொடுத்துவந்த மூலிகைக் கலவையைப் பற்றி வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். அதில் இருபதுக்கும் மேற்பட்ட செடிகள். அவர் சிரித்து ஒதுக்கவில்லை. வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற ஒரே செடிதான் என்று கண்டுபிடித்தார். பத்தாண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்து, எந்த அளவில் குணம், எந்த அளவில் நஞ்சு என்று எழுதிவைத்து, பலிக்காத நோயாளிகளைப் பற்றியும் மறைக்காமல் 1785-ல் வெளியிட்டார். சர்ப்பகந்தா வேரைப் பற்றி மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் இரத்தக் கொதிப்புக்கு அது உலகம் முழுவதும் போனது. இரண்டு இடத்திலும் படித்த மருத்துவர் ஒருவர் நாட்டு வழக்கத்தைக் காது கொடுத்துக் கேட்டு, பிறகு சோதித்திருக்கிறார்.

சித்த மருத்துவர்களே, இதன் மறுபாதி உங்களுக்கானது. கிழவியின் கலவையை விதரிங் அப்படியே ஏற்கவும் இல்லை. மருதம்பட்டையையே எடுத்துக்கொள்வோம். ஒகேனக்கலில் இருந்து மேட்டூர் வரை காவிரிக் கரையில் வேர் நனைய நிற்கும் நீர்மருதின் பட்டை. நெஞ்சுக்கு நல்லது என்று தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். 1995-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், மாத்திரைக்கும் மசியாத இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு மருதம்பட்டைச் சாறு கொடுத்தபோது நல்ல பலன் தெரிந்தது. நம்பிக்கை கொடுத்த ஆய்வுதான், ஆனால் 12 பேர். பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 100 பேரை வைத்து, யாருக்குப் பட்டை, யாருக்கு வெற்று மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில் 12 வாரங்கள் சோதித்தார்கள். எல்லோரும் வழக்கமான மாத்திரைகளையும் எடுத்தார்கள். சிலருக்கு நடக்கும் திறனும் அன்றாடத் தெம்பும் மேம்பட்டன. ஆனால் இதயத்தின் பம்பிங் அளவு மாறவில்லை. “மருதம்பட்டை குடித்தால் பம்பிங் ஏறும்” என்று நோயாளியிடம் சொல்வது இப்போதைக்கு நியாயமில்லை. “மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சற்றுத் தெம்பு கிடைக்கலாம், இரத்த அழுத்தம் அதிகம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லலாம்.

ஐரோப்பாவில் ஹாதார்ன் என்ற முட்செடிச் சாற்றை 2,681 பேரிடம் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு இரண்டு ஆண்டுகள் கொடுத்தும், ஆபத்து பெரிதாகக் குறையவில்லை. சீனாவில் நடந்ததோ வேறு. பதினொரு மூலப்பொருள்கள் சேர்ந்த சிலிசியாங்சின் என்ற குளிகையை 133 மருத்துவமனைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, இதயநோயால் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பு முற்றி மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் வெற்று மருந்து எடுத்த குழுவில் 30 சதவீதம், குளிகை எடுத்த குழுவில் 25 சதவீதம். இதைச் சொன்னதும் “பார்த்தீர்களா, மூலிகை ஜெயித்தது” என்று கிளம்பிவிடக் கூடாது. அந்தக் குளிகை ஆலையில் ஒரே தரத்தில் செய்யப்பட்டது, மாத்திரைகளுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்கப்பட்டது, கணக்கு வைத்துப் பார்க்கப்பட்டது. நம் கடைவீதிப் பொட்டலத்துக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

இப்படி ஓர் ஆய்வைச் சேலத்தில் ஏன் செய்ய முடியாது? மேட்டூர் அணையை ஒட்டி மத்திய சித்த ஆராய்ச்சிக் கழகத்தின் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. நகரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மரம் ஆற்றங்கரையில் நிற்கிறது, நோயாளிகள் நாங்கள் இருக்கிறோம். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவும் அமைந்தும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமல் இருக்கிறீர்கள் என்பது எனக்கு ஆறவில்லை.

எங்கள் பையில் கிடக்கும் ஆபத்துகளில் சிலவற்றையாவது இங்கே சொல்லியாக வேண்டும். பொங்கலுக்கு முன்நாள் வேப்பிலை, ஆவாரம்பூவோடு காப்புக் கட்டும் பூளைப்பூச் செடியை நீர் பிரிய வேண்டும் என்று காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு. மூக்கிரட்டையும் நெருஞ்சிலும் அதே நோக்கத்தில் வீட்டுக்கு வருகின்றன. ஏற்கெனவே இரண்டு நீர் மாத்திரை எடுப்பவருக்கு இதற்கு மேலும் நீர் பிரிந்தால் இரத்த அழுத்தம் சரிந்து தலைசுற்றி விழுவார், சிறுநீரகமும் பாதிக்கப்படும். ஸ்பைரனோலாக்டோன் என்ற வேறு வகை நீர் மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து எதிர்த் திசையில் வரும். அந்த மாத்திரை பொட்டாசியத்தை உடலில் தேக்கும், பொட்டாசியம் மிகுந்த கீரைச் சாறும் மூலிகைச் சாறும் சேர்ந்தால் அளவு ஏறி இதயம் நின்றே போகலாம். செயற்கை வால்வு வைத்து இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சிச் சாறுகளைச் சமையல் அளவுக்கு மேல் எடுத்தால் இரத்தக் கசிவு வரலாம்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம், மூட்டுவலிக்கு என்று விற்கும் பெயரில்லாத பொடிகள். வலி நிவாரணியையும் ஸ்டீராய்டையும் கலந்து விற்கும் பொடிகள் பலமுறை சோதனையில் பிடிபட்டிருக்கின்றன. இரண்டுமே உப்பையும் நீரையும் உடலில் தேக்குபவை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று நோயாளி மகிழ்கிறார், அடுத்த வாரம் மூச்சு வாங்குகிறது. முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இந்தப் பொடிகளைத் தருவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அதை உரக்கக் கண்டிக்க வேண்டியவர்களும் நீங்களே. இதய நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, விளம்பரம் சுவரில் இருக்கிறது.

ஒரு மண்டலம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வழக்கத்தையும் தயவுசெய்து ஒழித்துக்கட்டுங்கள். எங்கள் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்த ஒரு அண்ணன், “இங்கிலீஷ் மாத்திரை உள்ளே இருந்தால் நம் மருந்து பிடிக்காது” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார். அந்த மண்டலம் முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஆம்புலன்சில் இறங்கினார். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழையபடி வேலைக்குப் போக முடியவில்லை. நாடித் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இதயம் தாங்காது. சித்த மருந்து மாத்திரையோடு சேர்ந்து நடக்கலாம், மாத்திரையின் இடத்தில் உட்காரக் கூடாது.

சித்த மருத்துவத்திடம் இதய நோயாளி பெறக்கூடிய பெரிய நன்மை எது என்று என்னைக் கேட்டால், பொடியையும் லேகியத்தையும் விட்டுவிட்டுப் பத்தியத்தைச் சொல்வேன். இதய மருத்துவர் “உப்பைக் குறையுங்கள்” என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். வீட்டில் யாருக்கும் அது ஏறுவதில்லை. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஊறுகாயும் பொரித்த ஜவ்வரிசி வடகமும் வைக்கிறார்கள். மாலையில் கடைவீதிக்குப் போனால் தட்டுவடை செட். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனம் நல்ல உடம்புக்காரர்களுக்கே சொல்லும் அளவு. ஆனால் ‘பத்தியம்’ என்று ஒரு சித்த மருத்துவர் வாயால் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் அதை விரதம் போலக் காப்பார்கள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், விருந்துக்குப் போனாலும் கை நனைக்க மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாடு வேறு எந்த மருத்துவத்துக்கும் கிடைக்காத செல்வம். அதை இதய நோயாளிக்குப் பயன்படுத்துங்கள். உப்புக்கும், அப்பளத்துக்கும், கருவாட்டுக்கும் பத்தியம் போடுங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு எடை பார்ப்பதையும் பத்தியத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் உடலில் நீர் கோக்கிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கூடவே இந்துப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்துப்பு உப்பில் சேராது என்று நம்பி இரண்டு பங்கு போடுகிறார்கள். அதுவும் சோடியம் குளோரைடுதான். கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது, ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உங்கள் மருந்துகள் சிலவற்றில் உப்பு வகைகளும் பற்பங்களும் சேருமானம் என்பதையும் நோயாளியிடம் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

இனி நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். இதய மருத்துவர்களே, ஒவ்வொரு முறையும், திட்டப்போகும் குரலில் இல்லாமல், “இந்த மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? கஷாயம், பொடி, லேகியம் ஏதாவது?” என்று கேளுங்கள். உங்களுக்கு நேரம் இல்லை என்பது வெளியே வரிசையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் கேட்டாலும் போதும். பதிலைச் சீட்டில் எழுதுங்கள். புதிய மாத்திரை எழுதும்போது, “இதற்கு வறட்டு இருமல் வரலாம், வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் என்னிடம் வாருங்கள்” என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

சித்த மருத்துவர்களே, நாடி பார்த்து முடித்ததும் மாத்திரை அட்டைகளை வாங்கிப் பாருங்கள். நீங்கள் தரும் மருந்தின் பெயரையும், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும், எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் புரியும் எழுத்தில், அதே இதயச் சீட்டின் பின்பக்கத்திலாவது எழுதுங்கள். இதயம் பலவீனமானவருக்கு அதிமதுரம் சேர்ந்த எதையும் தராதீர்கள். இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் அண்மையில் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு மருந்து கொடுங்கள்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. மாதம் ஒரு முற்பகல் இரு பிரிவும் ஒன்றாக உட்கார்ந்து இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பாருங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்கள் கையில் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுத்தால், இங்கே நான் எழுதியதில் முக்கால்வாசி ஒரே மாதத்தில் மாவட்டம் முழுவதும் போய்ச் சேரும். அந்தத் துண்டறிக்கையின் கீழே ஓர் இதய மருத்துவரும் ஒரு சித்த மருத்துவரும் சேர்ந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் பாதிப் பேர் படிக்காமல் கசக்கிவிடுவார்கள்.

மாவட்டம் முழுவதும் உடனே முடியாது என்றால் ஏற்காடு வட்டாரத்தில் தொடங்குங்கள். மலைக் கிராமங்கள் குறைவு, யார் வீட்டில் யாருக்கு இதய நோய் என்பது கிராமச் செவிலியருக்கு அத்துபடி. நாகலூரில் கணக்கெடுக்கவும், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கவும், துண்டறிக்கையை இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டவும் நானும் என் தோழிகளும் தயார். தேதியை நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இதய நோயாளி ஒருவரின் மகள்,
நாகலூர், ஏற்காடு